வாய் நமநமக்கும் நேரங்களில்

எனக்கு இனிப்பு பிடிக்காது, மிட்டாய் பிடிக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. பால்கோவாக் கடைகளைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு நடக்கிறேன், ஒரு நாளும் அந்தப் பக்கம் கை நீண்டதில்லை. தீபாவளிக்கு வருகிற மைசூர்பாகும் ஜாங்கிரியும் வந்த டப்பாவோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனால் இஞ்சி மரப்பா, சீரக மிட்டாய், சூட மிட்டாய், புளி மிட்டாய், மாங்காய் மிட்டாய்க்கு நடுவில் உப்பும் காரமுமாக ஒரு பொடியை வைத்து விற்கிறார்களே அது, தொண்டைக்கு என்று சாக்குச் சொல்லி வாங்குகிற மெந்தால் மிட்டாய், இவை எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை. நாக்கைச் சுட வேண்டும், இல்லையென்றால் குளிர வைக்க வேண்டும், குறைந்தபட்சம் பல்லையாவது கூசச் செய்ய வேண்டும். அப்போதுதான் அது மிட்டாய். சும்மா இனிப்பதற்குச் சீனி டப்பா இருக்கிறதே.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். தொடர்ந்து மூன்று பீரியடு கத்தினால் தொண்டையில் சாக்பீஸ் தூசி படிந்துவிடும். கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் எப்போதும் மிட்டாய் இருக்கும். ஒன்று கரைவதற்குள் அடுத்ததை விரல் தேடும். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் அதிகம் பேசவில்லை. "ஒரு வாரம் வாயில போடுறது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க டீச்சர்" என்றார். எழுதிப் பார்த்தால் சோறு அளவாகத்தான் இருந்தது, டீ சீனி இல்லாமல்தான் இருந்தது. மிச்சம் எல்லாம் மிட்டாய். கெட்டி மிட்டாய் ஒன்று 4, 5 கிராம் இருக்கும், அதில் கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்குப்படி, சேர்த்துக்கொள்கிற சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஐந்தாறு மிட்டாயிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை. "கருப்பட்டியில செஞ்ச இஞ்சி மரப்பா வாங்கு, ஒண்ணும் செய்யாது." "பனங்கற்கண்டு குளிர்ச்சி, அது கணக்குல சேராது." "தேன் மருந்துதானே!" எங்கள் ஸ்டாஃப் ரூமில் தாவரவியல், இயற்பியல், கணக்கு எல்லாம் படித்தவர்கள்தான் இருக்கிறார்கள், பேச்சு மட்டும் இப்படிப் போகும். கருப்பட்டியின் வாசனை சீனிக்கு வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியிலும் சுக்ரோஸ். நிறம் கறுத்திருப்பதால் கணையத்துக்கு ஒரு சலுகையும் கிடைப்பதில்லை.

அப்புறம் சர்க்கரை இல்லாத மிட்டாய். ஒரு பெரிய கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். ருசி மோசமில்லை. பாக்கெட்டில் பாதி தீர்ந்த பிறகு, சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வயிறு பேசத் தொடங்கியது. சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைக் குடல் முழுசாக உறிஞ்சிக்கொள்வதில்லை. மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து வாயுவாக்கிவிடும். உறையைத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் அதையும் எழுதித்தான் இருந்தார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்துகிறவர்களுக்கு அது சரிப்படும். நான் ஒன்றிரண்டோடு நிறுத்துகிற ஆளாக இருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே.

இனிப்பே பிடிக்காத எனக்கு இந்த மிட்டாய்களில் பிடிப்பது எது என்று அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். சோதித்துப் பார்ப்பது சுலபம். சீரக மிட்டாய் நாலைந்தை எடுத்துக்கொண்டு, மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும், உள்ளே என்ன விதை இருக்கிறது என்று சொல்ல முடியாது. விரலை எடுத்த அடுத்த நொடி சீரகமோ சோம்போ வாய் முழுக்க வந்து நிற்கும். வாய்க்குள் இருக்கிற வாசனை தொண்டைக்குப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுவதைத்தான் ருசி என்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து காட்டினேன். அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்சுக்காரர்களும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

இஞ்சியின் எரிச்சலும் மெந்தாலின் குளிர்ச்சியும் இன்னொரு கணக்கு. அவை ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. முகத்தின் தொடு உணர்வு நரம்பு வழியாகப் போகிற சங்கதி. டேவிட் ஜூலியஸ் என்கிற அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்வகம் மிளகாயின் கேப்சைசினை வைத்து, நரம்பு நுனியில் சூட்டை உணர்கிற டி.ஆர்.பி.வி.1 என்ற வாங்கியை (ரிசெப்டரை) 1997இல் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 43 டிகிரி சூட்டில் திறக்க வேண்டிய கதவை மிளகாய் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. இஞ்சியும் அதே கதவைத்தான் தட்டுகிறது. 2002இல் குளிருக்கான வாங்கி மெந்தாலின் துணையோடு அகப்பட்டது. அதை ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாகக் கண்டார்கள். 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. என் கைப்பைக்குள் கிடந்த மிட்டாய்கள் நோபல் பரிசு வரைக்கும் போன மிட்டாய்கள் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இந்த எரிச்சல், குளிர்ச்சி, வாசனை எதற்கும் சர்க்கரை தேவையில்லை. எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் இஞ்சி. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்புவதற்குள் ஏறி, "பித்தம், ஏப்பம், வாந்தி, தலைசுத்தல்" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே மடியில் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவாரே, அந்த மரப்பாவைச் சொல்கிறேன். இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்து, தெளிய விட்டு, அடியில் தங்குகிற வெள்ளை வண்டலைத் தள்ளி, தெளிவை மட்டும் சர்க்கரைப் பாகில் விட்டுக் கிண்டி, தட்டில் கொட்டி வில்லை போடுவார்கள். கடித்தால் முதலில் பொரபொரப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் தொண்டைக்குழியில் சுருக். எனக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சுருக்தான்.

வெறும் இஞ்சித் துண்டை மென்றால் சுருக் கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டு அரை நிமிடத்தில் போய்விடும், வாயில் நார் மட்டும் மிஞ்சும். அதனால் இப்போது செய்வது இது. நார் முற்றாத இளம் இஞ்சியாக 200 கிராம். தோலைக் கத்தியால் சீவினால் பாதி இஞ்சி போய்விடும். ஸ்பூனின் விளிம்பால் சுரண்டினால் தோல் மட்டும் வரும். நீளவாக்கில் நறுக்கக் கூடாது, குறுக்கே, பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் நார் குட்டையாகிவிடும், பல்லில் சிக்காது. மூன்று எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் இந்துப்பு போட்டுப் பிசறி, கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி. காலையில் பார்த்தால் இஞ்சி லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறியிருக்கும். முற்றிய இஞ்சியில் இந்த நிறம் வராது. அப்புறம் சாறை வடித்துவிட்டு எவர்சில்வர் தட்டில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு நாள் தாராளம். வில்லைகள் ஓரம் சுருண்டு, மேலே உப்பு பூத்து, தொட்டால் சருகுச் சத்தம் கேட்கும்போது எடுத்துவிடலாம்.

காய்வதில் ஒரு வேதியியலும் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அதில் ஒரு பங்கு தண்ணீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறும். ஷோகால் ஜிஞ்சராலைவிட உறைப்பானது. சுக்கு இஞ்சியைவிடக் காட்டமாக இருப்பது இதனால்தான். ஆகவே இந்த வில்லையைக் கடிக்கக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பாடம் நடத்தலாம். முதலில் புளிப்பு, அப்புறம் உப்பு, எச்சில் ஊற ஊற இஞ்சி எட்டிப் பார்க்கும். ஒரு வில்லை முக்கால் பீரியடு வரும்.

கன்னத்தில் ஒதுக்குவது பற்றிச் சொன்னேனே, அது எனக்குப் புரிந்தது சிறுகுறிஞ்சானால். சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வாங்கிய கொடி. இலையை மென்றால் அதிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு வாங்கிகளில் உட்கார்ந்துகொள்ளும், கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. தாவரவியல் டீச்சர் தன் தோட்டத்திலிருந்து நாலு இலை கொண்டுவந்தார். மென்றோம், நல்ல கசப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு ஆளுக்கு ஒரு சிட்டிகை சீனி போட்டுக்கொண்டோம். ஆற்று மணல்தான், சந்தேகமே இல்லை. கணக்கு டீச்சர் தூ தூ என்று துப்பிவிட்டு ஓடினார்.

எனக்கு வேறொரு ஆசை. இனிப்பை மட்டும் கழித்துவிட்டால் இஞ்சி மரப்பா எப்படி இருக்கும்? ஒரு வில்லையை வாயில் போட்டேன். காரம் அப்படியே இருந்தது, வாசனையும் இருந்தது, ஆனால் நன்றாக இல்லை. என் கணக்குப்படி அது நன்றாக இருந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மிட்டாயில் சர்க்கரைக்கு இனிப்பதைத் தவிர இரண்டு வேலைகள் இருக்கின்றன. காரத்தை அடக்கி வைப்பது ஒன்று. மெல்ல மெல்லக் கரைந்து, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது இன்னொன்று. சர்க்கரையை எடுத்தால் இந்த இரண்டு வேலையையும் யாராவது பார்க்க வேண்டும். அடக்கி வைக்கும் வேலையை உப்பும் புளிப்பும் பார்க்கும். மெதுவாக விடும் வேலைக்கு வாயில் நின்று ஊறுகிற பொருள் வேண்டும்: காய்ந்த வில்லை, குச்சி, விதை. வெறும் சுக்குப் பொடியை நாக்கில் தடவிக்கொண்டால் போதும் என்று இணையத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மருந்து, மிட்டாய் ஆகாது.

சோம்பு இதற்கென்றே படைக்கப்பட்டது. அதன் எண்ணெயில் முக்கியமான சரக்கு அனித்தோல். சர்க்கரையைவிட 13 மடங்கு இனிப்பு என்பார்கள். விதையில் இருப்பது சொற்ப அளவு என்பதால் ரத்தத்தில் ஒன்றும் ஏறாது, நாக்குக்கு மட்டும் இனிப்பு தெரியும். ஓட்டலில் பில் வைக்கும் தட்டில் சோம்போடு பொடிக் கல்கண்டும் கலந்து வைப்பார்கள். கல்கண்டை ஒதுக்கி ஒதுக்கிச் சோம்பை மட்டும் பொறுக்குவேன், எங்கள் வீட்டுக்காரர் "எந்திரிங்க டீச்சர், டேபிளுக்கு ஆள் நிக்கிறாங்க" என்று கேலி செய்வார். சமையலுக்கு வாங்குகிற பெரிய சோம்பு இதற்கு லாயக்கில்லை, அதில் வைக்கோல் வாடை. பச்சை மாறாமல் பொடியாக இருக்கும் லக்னோ சோம்பு என்று கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு மெல்லுவதற்குக் குஜராத்திகள் முக்வாஸ் செய்கிற முறைதான்: எலுமிச்சைச் சாறு, உப்பு, துளி மஞ்சள் தெளித்துப் பிசறி, நிழலில் உலர விட்டு, அடி கனத்த வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். கூடவே வெள்ளை எள்ளும் கொஞ்சம் ஓமமும் தனித்தனியாக வறுத்துச் சேர்த்தால் நல்லது. ஓமம் கை தவறிக் கூடிவிட்டால் வீடே கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரி மணக்கும், அதில் மட்டும் நிதானம்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போனது அதிமதுரத்துக்காக. வெளியே பழுப்பு, உடைத்தால் உள்ளே மஞ்சள். அதன் கிளிசிரைசின் சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு. ஆனால் அந்த இனிப்பு உடனே வராது. குச்சியை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லையே என்று நினைக்கும்போது மெல்ல எழும்பி, துப்பிய பிறகும் தொண்டையை விட்டுப் போகாமல் நிற்கும். பாட்டுக்காரர்கள் வைத்துக்கொள்கிற சரக்கு. ஒரு விஷயம்: அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். என் மாமியாருக்கு பி.பி. மாத்திரை ஓடுகிறது. "எனக்கும் ஒண்ணு தாயேன்" என்று கேட்டவரிடம், "அத்தை, இது மட்டும் உங்களுக்கு ஆகாது" என்று டப்பாவை மூட வேண்டியதாயிற்று. நானும் என்றைக்காவது ஒரு சின்னக் குச்சி, அத்தோடு சரி.

கடைக்காரர் நான் எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டார். மிட்டாய்க்குப் பதில் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வேரை எடுத்து ஓரத்தில் கிள்ளிக் கொடுத்தார். "இதக் கடிச்சுப் பாருங்க. முழுங்கிராதீங்க." அக்கரகாரம். ஐந்து நொடி சும்மா இருந்தது. அப்புறம் நாக்கு நுனியில் 9 வோல்ட் பேட்டரியை வைத்தது போல ஒரு விறுவிறுப்பு, எச்சில் குழாய் திறந்தாற்போலக் கொட்டியது, பேச்சு குழறியது. கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். வாயில் போட்டால் பட்பட்டென்று வெடிக்கிற மிட்டாய் ஒன்று பிள்ளைகள் வாங்குவார்களே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் வகுப்புக்குப் போகும் முன் வாயில் போடும் சரக்கு இல்லை இது. பீரோவுக்குள் ஒரு துண்டு இருக்கிறது, வீட்டுக்கு வருகிற கொழுந்தன் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட.

என்னை ஏமாற்றியது புதினா. சூட மிட்டாயின் குளிர்ச்சி வேண்டும் என்று கொல்லையில் இருந்த புதினாவைக் கிள்ளி மென்றால், நல்ல வாசனைதான், குளிரவே இல்லை. நம் வீடுகளில் வளர்கிற புதினா பெரும்பாலும் ஈட்டிப் புதினா இனம், அதில் கார்வோன்தான் அதிகம், மெந்தால் சொற்பம். மெந்தாலுக்கு வளர்க்கிற புதினா வேறு. உத்தரப்பிரதேசத்தில் ஏக்கர் கணக்கில் போட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று படிகமாகக் கிடைப்பது சுத்த மெந்தால், அதை நேராக வாயில் போடும் விளையாட்டு வேண்டாம். எனக்குக் கைகொடுத்தது ஏலக்காய். அதிலுள்ள சினியோல் யூகலிப்டஸ் எண்ணெயிலும் இருக்கிற பொருள், குளிர் வாங்கியையும் தொடும். தோலை உரித்துக் கறுப்பு விதைகளை மட்டும் முன்பல்லில் நொறுக்கிவிட்டு, மூடிய வாயோடு மூக்கால் மூச்சை இழுத்து, பானைத் தண்ணீர் ஒரு மடக்கு. சூட மிட்டாய் அளவுக்கு வராது. முக்கால்வாசி வரும்.

புளிப்பு வகையில் கஷ்டமே இல்லை, அது நம் ஊர் ராஜ்ஜியம். புளி மிட்டாய் என்று விற்பதில் சர்க்கரையைத் தூக்கிவிட்டால் நாங்கள் சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் உரலில் இடித்ததுதான் மிஞ்சும்: கொட்டை எடுத்த புதுப்புளி, வரமிளகாய், உப்பு, வறுத்த சீரகம். உருட்டி விளக்குமாற்று ஈர்க்குச்சியில் குத்தி நக்கிக்கொண்டே தட்டாங்கல் ஆடுவோம். புளியிலும் இயல்பாகச் சர்க்கரை உண்டு, அதனால் இப்போது கோலிக்குண்டு அளவு ஒன்று. கோடையில் கிளிமூக்கு மாங்காய், குளிர்காலத்தில் பெருநெல்லி. நெல்லிக்காயைக் கொட்டை தெரியக் கடித்து மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால், வெறும் தண்ணீர் இனிக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு கிராம் சர்க்கரை கிடையாது, அவ்வளவும் இலவசம். தேன் நெல்லி என்று பாட்டிலில் ஊற வைத்து விற்கிறவர்கள் இதைக் கெடுப்பதற்கென்றே கடை போட்டிருக்கிறார்கள்.

பள்ளி வாசலில் ஒரு அக்கா கூடையில் மாங்காயும் கொய்யாவும் கீறி, மிளகாய்த்தூள் உப்புத் தூவிப் பேப்பரில் வைத்துத் தருவார். மாணவர்கள் போன பிறகு ஓரமாக நின்று வாங்குவேன். ஒருநாள் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்துவிட்டான். "மிஸ், டைட்ரேஷனா?" என்றான், லேபில் அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்கிற சோதனையைச் சொல்லி. சிட்ரிக் அமிலம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன், பேப்பர் கையிலேயே இருந்தது.

வெற்றிலையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கிராம்பு, ஏலக்காய் வைத்து வெறும் வெற்றிலை எப்போதாவது போட்டுக்கொள்வேன். பாக்கு கிடையாது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. எங்கள் ஆச்சிகள் போட்டார்களே என்றால், போட்டார்கள்தான்.

கமர்கட்டுக்கு மட்டும் மாற்று இல்லை. வெல்லப் பாகும் தேங்காயும் சேர்ந்து இறுகிய உருண்டை, அதில் மசாலாவும் இல்லை, பிரித்து எடுக்க ஒன்றும் இல்லை. அது சர்க்கரையேதான். பேரீச்சம்பழத்தில் கமர்கட், அத்திப்பழத்தில் கமர்கட் என்று வீடியோக்கள் வருகின்றன. அவற்றைச் செய்து ஏமாறுவதற்குப் பதில் ஆடிப்பூரம் தேருக்கு ரதவீதியில் கடை போடும்போது ஒன்றே ஒன்று அசல் கமர்கட் வாங்கி, பல் வலிக்க வலிக்கத் தின்றுவிட்டு வருகிறேன். டாக்டரின் நோட்டிலும் அதை எழுதினேன். அவர் பச்சை மையில் ஒரு டிக் போட்டார்.

இப்போது கையில் இருக்கும் வேலை நார்த்தங்காய். சின்ன வயதில் பஸ்ஸில் குமட்டினால் அம்மா வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுப்பது உப்பு நார்த்தங்காய் வற்றல்தான். கசப்பு, உப்பு, புளிப்பு, தோலில் எண்ணெய் வாசனை எல்லாம் இருக்கிறது, கரையவும் அவசரப்படாது. மிட்டாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஏன் எனக்கு இவ்வளவு நாள் ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை. மதினி வீட்டு மரத்திலிருந்து ஒரு பை வந்தது. அடிப்பக்கம் துண்டாகாமல் சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே கல் உப்பை அடைத்து, ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கிவிடுகிறேன். பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே உப்புத் தண்ணீருக்குள், தண்ணீர் வற்றும் வரை. பாதிக்கு மட்டும் மிளகும் சுக்கும் தட்டிச் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். அத்தை கூடாது என்கிறார். நார்த்தங்காய்க்கு உப்பைத் தவிர எதைப் போட்டாலும் பூசணம் பிடிக்கும் என்பது அவர் கட்சி. மூன்று காயைத் தனியாக எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டு, அவர் கண்ணில் படாமல் மொட்டைமாடி தொட்டி ஓரத்தில் வைத்திருக்கிறேன்.